மதராஸ் என்னும் பெயர்: ஒரு சிறு சிக்கலும் ஆய்வுப் பித்தும்

தில்லி சங்புராவில் பாராபுல்லா வடிகாலையொட்டித் தமிழர் வாழ்ந்த குடியிருப்பு மதராசி கேம்ப் எனப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகளைக் கொண்டிருந்த அது, உயர்நீதிமன்ற ஆணையையடுத்து 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கொள்ளப்பட்டவர்களுக்கு மட்டும் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. 1996இல் நகரின் பெயர் சென்னை என மாறிய பின்னரும் அம்மக்கள் தாங்கி நின்ற அப்பெயரின் மூலம் இன்றளவும் விளங்கவில்லை.

'மதராசி' என்பதன் ஈற்று ஈகாரம், 'பனாரசி' என்பதிற் போல, ஊரோடு தொடர்புடையாரைக் குறிக்கும் இந்தி விகுதியாகும். ஆகவே சிக்கல் பகுதியைப் பற்றியதே. ஆங்கிலேயர் கோட்டை கட்டுவதற்கு முன்னரே, 1639ஆம் ஆண்டு ஆவணங்களில் இப்பெயர் 'பட்டணம்' என்னும் சொல்லொடு சேர்ந்து காணப்படுகிறது. சென்னப்பட்டணம் சென்னப்ப நாயக்கர் பெயரால் அமைந்தது என்பது பெரிதும் ஏற்கப்பட்டுவிட்டது. மதராசுக்கோ அத்தகைய முடிவு கிட்டவில்லை. சாந்தோமிலிருந்த 'மாத்ரே தெ தேவுஸ்' தேவாலயம், மதைரோஸ் என்னும் போர்த்துகீசியக் குடும்பம், மதரசா, மாதரசன் என்னும் மீனவத் தலைவன் எனப் பல மூலங்கள் கூறப்பட்டன.

இத்தகைய சிறு சிக்கல் அறிஞரை ஆட்கொள்வதற்குக் காரணம் அதன் சிறுமையே. இன்னும் ஒரு சான்று கிடைத்தால் தீர்ந்துவிடும் எனத் தோன்றுகிறது. கிடைக்கும் ஒவ்வொரு விளக்கமும் ஒரு பகுதியைத் தெளிவாக்கி, மற்றொரு பகுதியை எச்சமாக விட்டுவிடுகிறது. அவ்வெச்சமே அடுத்த ஆய்வாளரை ஈர்க்கிறது. நாளடைவில் வினா பின்தங்க, தாம் விரும்பும் விடையைக் காத்தலே நோக்கமாகிவிடுகிறது.

1367ஆம் ஆண்டு விசயநகரக் கல்வெட்டொன்றில் 'மாதரசன்பட்டணம்' என்னும் துறைமுகப் பெயர் வருவது அண்மைக் காலத்தில் எடுத்துக்காட்டப்பட்டது. அவ்வூர் இதுவேயாயின், போர்த்துகீசியர் வருகைக்கு முற்பட்ட அச்சான்று போர்த்துகீசிய மூலங்கள் அனைத்தையும் விலக்கிவிடும். எனினும் முதலெழுத்தின் நெடில் குறுகியதற்கும், மூன்றாம் எழுத்து நெடிலானதற்கும் விளக்கம் வேண்டும். 'மதராஸ்' என்னும் தமிழ் வடிவம் ஐரோப்பியர் ஒலிப்பினின்று மீண்டும் பெறப்பட்டதாக இருக்கலாம். அவ்வாறாயின் அதன் நெடில் மூலத்திற்குச் சான்றாகாது.

ஒலியொப்புமை மட்டும் சொற்பிறப்பை நிறுவாது. காலம், இடம், ஒலிமாற்ற நெறி ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தாவிடத்து 'அறியப்படவில்லை' என்று எழுதி நிறுத்துவதே பித்தினின்று ஆய்வைக் காக்கும் நெறியாகும். பெயரின் மூலம் அறியப்படாமையால் அதனைத் தாங்கியோரின் வரலாறு இல்லாது போகாது. குடியிருப்பு அழிந்த நிலையில், அங்கு வாழ்ந்தோரின் பேச்சைப் பதிவு செய்தல் அப்பெயரின் மூலத்தைத் தேடுவதினும் விரைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.