50 வயது அமெரிக்க கார்: வாங்கலாம், உருமாற்றியிருந்தால் ஓட்டலாமா?

புதுதில்லி: அமெரிக்கச் சாலைகளில் 1960-களில் உறுமிய 'மஸில்' ரக கார்களை இந்தியாவுக்குக் கொண்டுவர விரும்புவோருக்கு 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு கதவு திறந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பழைமையான வாகனங்களை இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வழி செய்தது. அதுவரை 1950 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பு தயாரான வாகனங்களுக்கு மட்டுமே இச் சலுகை இருந்தது.

ஆனால், எல்லா மஸில் கார்களும் அந்தக் கதவு வழியே வந்துவிட முடியாது. பழைய உடலுக்குள் புதிய என்ஜினையும் புதிய கியர் பெட்டியையும் பொருத்தி, உரிமையாளரின் விருப்பத்துக்கேற்ப உருமாற்றப்பட்ட கார்கள் அமெரிக்கச் சந்தையில் ஏராளம். இவற்றை ஆசைப்பட்டு வாங்குவோர், துறைமுகத்தைத் தாண்டினாலும் வாகனப் பதிவு அலுவலகத்தைத் தாண்டுவது கடினம். காரின் வயதை ஏற்கும் சட்டம், அதில் செய்யப்பட்ட மாற்றத்தை ஏற்பதில்லை.

1964-இல் தொடங்கிய கதை

நடுத்தர அளவுள்ள, விலை குறைந்த காருக்குள் பெரிய காரின் என்ஜினைப் பொருத்துவதுதான் மஸில் காரின் அடிப்படை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் போண்டியாக் பிரிவு 1964-இல் வெளியிட்ட 'ஜி.டி.ஓ.' இந்த வகைக்கு வழிகாட்டி எனக் கருதப்படுகிறது. நடுத்தர கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் உள்விதி. ஜான் டெலோரியன் தலைமையிலான பொறியாளர்கள் 389 கன அங்குல (6.4 லிட்டர்) என்ஜினைத் தனி மாதிரியாக அல்லாமல் கூடுதல் விருப்ப வசதியாக அளித்து, அந்த விதியைச் சுற்றிக் கடந்தனர். 5 ஆயிரம் கார்கள் விற்றால் போதும் என்ற கணிப்புக்கு மாறாக, முதல் ஆண்டிலேயே 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின.

அதே ஆண்டு ஏப்ரல் 17-இல் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது. செவ்ரலேயின் செவெல், கமாரோ, டாட்ஜ் நிறுவனத்தின் சார்ஜர் ஆகியவையும் களமிறங்கின. காப்பீட்டு நிறுவனங்கள் உயர்த்திய கட்டணம், 1970-இல் நிறைவேறிய தூய காற்றுச் சட்டம், 1973 அக்டோபரில் எழுந்த எண்ணெய் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து இந்த ஓட்டத்தை நிறுத்தின. ஏறத்தாழ பத்தாண்டுகளே நீடித்த அந்த யுகத்தின் கார்கள் இப்போது ஐம்பது வயதைக் கடந்துவிட்டன. 1950 என்ற பழைய வரம்பு இவை அனைத்தையும் வெளியே நிறுத்தியிருந்தது. புதிய வரம்போ அனைத்தையும் உள்ளடக்குகிறது.

சாதாரணப் பழைய கார்களுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேலாகாத, வலப்புறம் ஸ்டீயரிங் உள்ள கார்களையே பயன்படுத்திய கார்கள் என்ற வகையில் இறக்குமதி செய்யலாம் என்பது விதி.

'மூல வடிவம்' என்ற நிபந்தனை

பழைமை வாகனங்களுக்கான தனிப் பதிவு முறையை மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2021 ஜூலை 15-இல் அறிவிக்கை செய்தது. முதல் விற்பனைக்குப் பின் பதிவான நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருப்பது மட்டும் இதற்குப் போதாது. வாகனம் மூல வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் செய்யும் மாற்றம் உள்ளிட்ட பெரும் மறுசீரமைப்புக்கு உட்பட்டிருக்கக் கூடாது என்றும் அந்த விதி கூறுகிறது.

புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் ரூ.20 ஆயிரம், பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். இறக்குமதியான வாகனம் எனில் சுங்கத் துறையின் இறக்குமதிப் பட்டியலையும், காப்பீட்டுச் சான்றையும் விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். வாகனத்தை ஆய்வு செய்து தகுதியைத் தீர்மானிப்பது மாநில அளவிலான குழுவின் பொறுப்பு.

பதிவு பெற்றாலும் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழைமை வாகன அணிவகுப்பு ஆகியவற்றுக்கும், எரிபொருள் நிரப்பவும், பராமரிப்புக்கும் மட்டுமே சாலையில் இறக்கலாம். தலைநகரில் 1964 முதல் நடைபெறும் 'ஸ்டேட்ஸ்மேன்' பழைய கார் அணிவகுப்பு போன்றவையே இத்தகைய கார்களுக்கான மேடை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

மூல வடிவை வலியுறுத்துவது 2021-ஆம் ஆண்டு விதி மட்டுமல்ல. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. நாடாளுமன்றம் 2000-ஆம் ஆண்டில் இப் பிரிவைத் திருத்திக் கடுமையாக்கியது. இதன் பொருள் குறித்துக் கேரளத்திலிருந்து வந்த வழக்கில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு 2019 ஜனவரி 9-இல் தீர்ப்பளித்தது. மாநில விதிகள் அனுமதித்தாலும் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பை மீறிய மாற்றம் செல்லாது என்பதே அதன் சாரம்.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் தண்டனையையும் வரையறுத்தது. அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எரிவாயு, மின்கலம் போன்ற மாற்று எரிபொருள் கருவிகளைப் பொருத்துவதற்கும், மாற்றுத் திறனாளிகளுக்காக வாகனத்தைத் தகவமைப்பதற்கும் மட்டும் உரிய அனுமதியுடன் வழி உண்டு.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கலிபோர்னியா மாநிலத்தில் 1975 வரையிலான மாதிரி பெட்ரோல் கார்களுக்குக் காலமுறைப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. இத்தகைய சலுகைகளின் நிழலில், பழைய காரை உருமாற்றுவது அங்கு பெரும் தொழிலாக வளர்ந்துள்ளது. அந்த நாட்டில் காருக்கு மதிப்பைக் கூட்டும் அதே மாற்றம், இங்கே பதிவுக்கான தகுதியைப் பறித்துவிடுகிறது.

எண்களே சாட்சி

மூல வடிவம் என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. பதினேழு இலக்க அடையாள எண் அமெரிக்காவில் பொதுவானது 1981-இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. 1964, 1965 ஆண்டுகளின் ஜி.டி.ஓ. விருப்ப வசதியாக விற்கப்பட்டதால், சேஸிஸ் எண்ணைப் பார்த்து அதை உறுதி செய்ய இயலாது. 1966 முதல்தான் அந்த எண் 242 எனத் தொடங்கியது. சாதாரண டெம்பெஸ்ட் காருக்கு ஜி.டி.ஓ. சின்னங்களைப் பொருத்தி விற்கும் போலிகளுக்கு இந்த இடைவெளி இடமளித்தது.

எனவே, என்ஜினிலும் கியர் பெட்டியிலும் பொறிக்கப்பட்ட எண்கள் சேஸிஸுடன் பொருந்துகின்றனவா என்பதே முதல் சோதனை. ஆலையின் பழைய பதிவேடுகளின் அடிப்படையில் வழங்கப்படும் சான்று அடுத்தது. உடலின் அடிப்பகுதியில் துரு, வெட்டி ஒட்டிய தடயம் ஆகியவற்றைப் பணம் செலுத்துவதற்கு முன்பே, காரை நேரில் கண்டு ஆராய வேண்டும்.

செலவும் சிறிதன்று. சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்பின் மீதே சுங்க வரி கணக்கிடப்படுகிறது. அதன் மேல் சரக்கு-சேவை வரியும் உண்டு. மொத்த வரி காரின் மதிப்பையே விஞ்சும். உருமாற்றத்துக்கு விற்பவர் கூட்டிய விலைக்கும் சேர்த்தே வரி கட்ட நேரும். பிறகு அதே உருமாற்றத்தால் பதிவு மறுக்கப்பட்டால் இரண்டும் வீண்.

இந்தியாவிலேயே உள்ள பழைய அமெரிக்க கார்களை வாங்குவது மற்றொரு வழி. தூதரகங்கள் பயன்படுத்திய கார்களை அரசு வர்த்தகக் கழகம் ஏலம் விட்ட காலத்தில் பல 'இம்பாலா'க்கள் தனியார் கைக்கு வந்தன. இவற்றில் உதிரி பாகம் கிடைக்காமல் வேறு என்ஜின் பொருத்தப்பட்டவையும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் எண்ணை காரில் உள்ள எண்ணுடன் ஒப்பிடுவது இங்கும் கட்டாயம். பழைமை வாகனமாகப் பதிவானதை விற்றால், இரு தரப்பினரும் 90 நாள்களுக்குள் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பிரேக் மாற்றினாலும் குற்றமா?

விதியில் தெளிவு தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. தொடக்க கால ஜி.டி.ஓ.க்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. டிஸ்க் பிரேக் விருப்ப வசதியாகக் கிடைத்தது 1967 மாதிரியில்தான். ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட எடையும் 300-க்கும் மேற்பட்ட குதிரைத் திறனும் கொண்ட காரை இன்றைய நெரிசலில் நிறுத்துவதற்கு அந்த பிரேக்குகள் போதுமானவை அல்ல. அதனால் பலர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துகின்றனர். சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் என்று மூன்றைப் பெயர் சொல்லும் விதி, பிரேக் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'உள்ளிட்ட' என்ற சொல்லோ எதையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. ஒரு மாநிலக் குழு ஏற்பதை மற்றொரு குழு நிராகரிக்கக் கூடும்.

ஸ்டீயரிங் விஷயத்தில் சட்டம் தெளிவாக உள்ளது. இடப்புற ஸ்டீயரிங் கொண்ட வாகனத்தில், முறையாக இயங்கும் சமிக்ஞைக் கருவி இருந்தால் ஓட்டலாம் என்கிறது 120-ஆவது பிரிவு. அத்தகைய தெளிவு பிரேக்குக்கும் இருக்கை வாருக்கும் கிடைக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்யப்படும், பின்னர் கழற்றி விடக்கூடிய மாற்றங்களை அமைச்சகம் பட்டியலிட்டு அறிவித்தால், பழைமையைக் காப்பதும் உயிரைக் காப்பதும் முரண்படா. அதுவரை, உருமாற்றிய காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் எழுத்துபூர்வமாக விளக்கம் பெறுவதே வாங்குவோருக்குப் பாதுகாப்பு.