உத்தியோகமும் கலையும்

நம் கல்லூரியிற் பயின்று சென்றோருட் சித்திரமும் கைவினையும் கைவரப்பெற்றோர் பலர். எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ நியமனம் பெற்றதும் அவருள் அநேகர் தூரிகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். “பிழைப்புக்கு வழி பிறந்துவிட்டது, இனி இவ்வேலை எதற்கு?” என வீட்டாரும் வினவுகின்றனர். இவ்வினாவுக்கு விடை நம் மாத்தளை மண்ணிலேயே உண்டு.

மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவிடக் கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. தென்னிலங்கைக் கைவினைஞர் கடைசற் பொறியிற் பொருளைச் சுழற்றி அரக்குப் பூசுவர். மாத்தளையாரோ அரக்கை நெருப்பில் இளக்கி, வண்ணஞ் சேர்த்து, நூல்போல் இழுத்து, சூடேற்றிய மரத்தின்மீது பதித்துப் பெருவிரல் நகத்தாலேயே அறுப்பர். பின்னர் ஓலைத்துண்டினால் தேய்த்து மெருகேற்றுவர். கைத்தடியும் ஏட்டுச்சுவடியின் மட்டையும் இவ்வாறு அழகு பெற்றன. அவசரத்துக்கு இடங்கொடாத வேலை இது.

இப்பொறுமை அவர்க்கு எங்ஙனம் வாய்த்தது? கண்டி இராச்சியத்திற் கைவினைஞர் தம் ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். வயல் சோறளித்தது, ஆதலின், ஒரு பொருளை விற்ற பின்னரே உலைவைக்கும் நிலை அவர்க்கில்லை. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. எஞ்சிய நில ஊழியங்களுக்குப் பதிலாகப் பணஞ் செலுத்த 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்றே. எனினும், ஆதரித்த அரசும் மறைந்தமையாற் கலைஞன் சந்தையையே நம்ப நேர்ந்தது.

இந்நிலையை உலகறியச் செய்தவரும் ஓர் உத்தியோகத்தரே. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். கல்லாராயக் கிராமங்களுக்குச் சென்றவர், ஆங்கு நலிந்துகொண்டிருந்த கைவினைகளையும் ஆராய்ந்தார். அதன் பயனே 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெருநூல். உத்தியோகம் அவருடைய கலைத்தொண்டுக்கு வழித்துணையாயிற்று.

இவற்றால் நாமறிவது யாது? மாதச் சம்பளமே நமக்கு வயல். அஃது உள்ளவரை நம் கலை அவசரப்படவேண்டுவதில்லை. எனினும், மூன்று காரியங்களிற் கவனம் வேண்டும்.

முதலாவது, நேரம். அலுவலக நேரத்திற் தூரிகையும் கலைக்கென ஒதுக்கிய நேரத்தில் அலுவலகக் கோவையும் புகுதலாகாது. வாரத்தில் இரு மாலைப்பொழுதாயினும் தவறாது அமைதல் போதும்.

இரண்டாவது, விலை. “சம்பளந்தான் இருக்கின்றதே” என்று பாதி விலைக்குக் கொடுப்பது தயாளமன்று. அத்தொழிலொன்றையே நம்பி வாழும் அயற்கிராமத்துக் கைவினைஞனின் உலையை அது கவிழ்த்துவிடும். மரம், அரக்கு, வண்ணம் ஆகியவற்றின் செலவோடு உழைத்த மணித்தியாலங்களுக்குரிய கூலியையும் கூட்டியே விலை சொல்லல் வேண்டும்.

மூன்றாவது, ஒழுங்கு. விற்ற பணத்துக்குத் தனிக்கணக்கு வைத்தல் நன்று. அரசாங்க உத்தியோகத்தர் தாபன விதிக்கோவையைப் பார்த்து, வேண்டிய அனுமதியை முன்னரே பெறுதல் கடன்.

பழைய மாணவ அன்பர்களே! பூட்டிய பெட்டியைத் திறவுங்கள். இனிவரும் விழாக்களில் உங்கள் கைவண்ணம் நம் கல்லூரி மண்டபத்தை அணிசெய்வதாக. அதனருகே நேர்மையான விலையும் எழுதப்பட்டிருப்பதாக.