முதுகில் முளைத்த ஏழு நிலா

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டப்'.

"யாருக்கோ சோடா ஒடைக்கிறாங்க போல" என்றார் பெரியம்மா.

சோடா இல்லை பெரியம்மா, யாரோ ஒருவருடைய முதுகிலிருந்து கப்பைக் கழற்றுகிறார்கள்! அடுத்தது என் முறை.

ஹட்டனில் ஒரு கடைக்கு மேலே சின்ன அறை. வெளியே மழை, உள்ளே எண்ணெய் வாசம். மூன்று மாதமாக என் இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு. சித்தாலேப தேய்த்தாயிற்று, கோடாலித் தைலம் தடவியாயிற்று, பெரியம்மா கையால் சுளுக்கும் எடுத்தாயிற்று. அவர் முப்பது வருஷம் கொழுந்துக் கூடை சுமந்தவர். நான் சுமந்ததெல்லாம் ஒரு மடிக்கணினி. என் முதுகைப் பற்றி அவருக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது.

டொக்டர் யுனானி படித்தவர். இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டமே ஏற்றுக்கொண்ட மருத்துவ முறை அது. முதுகில் கப் வைக்கும் இந்தச் சிகிச்சைக்கு அதில் பெயர் ஹிஜாமா. என் முறை வந்ததும் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்துக் கேட்டார்: "இரத்தம் இளக்க மாத்திரை எடுக்கிறீங்களா? தோல்ல புண் இருக்கா? கீறி இரத்தம் எடுக்கவா, சும்மா வைக்கவா?"

"சும்மா! சும்மா!" என்று கட்டிலிலிருந்தே கத்திவிட்டேன். கீறுவதென்றால் ஆளுக்கொரு புது பிளேடாம். யாருடையதாக இருந்தாலும் பிளேடு பிளேடுதானே.

தட்டை எட்டிப் பார்த்தேன். தலையில் வால்வு வைத்த பிளாஸ்டிக் கப்புகள், துப்பாக்கி மாதிரி ஒரு பம்ப். அந்தக் காலத்தில் மாட்டுக் கொம்பு, மூங்கில், பிறகு கண்ணாடி. கண்ணாடிக்குள் நெருப்பைக் காட்டிச் சட்டென்று கவிழ்ப்பார்கள். சூட்டில் விரிந்த காற்று பாதி வெளியே ஓடிவிடும். மிச்சம் ஆறியதும் உள்ளே அழுத்தம் குறையும். அப்போது தோல் உள்ளே எழும்பும். நெருப்போ பம்போ, சூட்சுமம் ஒன்றுதான்.

எனக்கு ஒரு சந்தேகம். ஹட்டனைப் போலவே மலையில் இருக்கும் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அப்படியென்றால் கொழும்பில் கப் இன்னும் இறுக்கிப் பிடிக்குமோ?

டொக்டர் சிரித்தார். "நாங்க மலைய அளந்து பம்ப் அடிக்கிறதில்ல. தோலைப் பார்த்துத்தான் அடிக்கிறோம்."

முதல் அடி. சுரீர் என்று ஓர் இழுப்பு. வலியில்லை, ஆனால் முதுகை யாரோ கிள்ளித் தூக்குகிற மாதிரி ஒரு கூச்சம். இத்தனை நாள் எல்லோரும் என் முதுகை அமுக்கினார்கள். முதல் தடவையாக ஒருவர் அதை மேலே இழுக்கிறார்! இரண்டு, மூன்று... ஏழு.

பெரியம்மா நேர்முக வர்ணனை. "பணியாரம் மாதிரி உப்புது... ஐயோ, கத்தரிக்காய் கலராகுது!"

2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் உலகமே பார்த்த வட்டங்கள் இவைதான். கெட்ட இரத்தம், நச்சு என்றெல்லாம் சொல்வார்கள். விஷயம் அவ்வளவு பெரிதில்லை: தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்த கறை. ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். முதுகு, கழுத்து வலிக்குச் சில நாள் ஆறுதல் கிடைக்கலாம் என்கின்றன ஆய்வுகள். ஆனால் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். மருந்தென்றால் பொய் மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம். முதுகைப் பிடிக்காத கப்பை வைத்து யாரை ஏமாற்றுவது?

பத்து நிமிஷம். டப், டப், டப். எழுந்தேன். வலி பாதி இறங்கியிருந்தது. பத்து நிமிஷம் போனைத் தொடாமல் குப்புறக் கிடந்ததற்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டும்.

"அப்ப கப்புக்கு அரைப்பேர் போடு" என்றார் பெரியம்மா. தோட்டத்தில் கொழுந்து கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிக் கூலி. கணக்கு முடிந்தது என்று நான் சட்டையை மாட்டினேன்.

அவர் எழவில்லை. பிடரிக்குக் கீழே, கூடைக்கயிறு இழுத்து இழுத்து இறுகிப்போன இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"டொக்டர், இந்த எடத்துல வைப்பீங்களா?"

"மொதல்ல பிரஷரைப் பார்ப்போம், வாங்கம்மா."

அதற்குள் சுவெட்டர் என் மடியில் விழுந்தது. திரைச்சீலை மூடிக்கொண்டது. இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து நான் 'டப்'புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.