முள் குத்தியது காலில், வலி தொடையிடுக்கில்! ஏன் தெரியுமா?

காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிப் போட்டாயிற்று. ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால் குத்திய இடம் சீழ் வைத்திருக்கிறது. கூடவே தொடையிடுக்கில் ஓர் உருண்டை, தொட்டாலே சுரீர்! “நெறி கட்டியிருக்கு” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அங்கே வீங்கியிருப்பது நிணநீர்க் கணு. மேலேறும் கிருமிகளை அது வழியிலேயே மறித்துச் சண்டை போடுகிறது. உடம்பில் இப்படிச் சுமார் 600 கணுக்கள் உண்டு. எது வீங்கியது என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்!

எங்கே வீங்கினால் என்ன?

தாடைக்குக் கீழே என்றால் பல், ஈறு, தொண்டையைப் பாருங்கள். பின்மண்டையில், காதுக்குப் பின்னால் என்றால் தலையில் புண், பேன் இருக்கிறதா என்று தேடுங்கள். ருபெல்லா அம்மையிலும் அங்கே வீங்கும். அக்குள் என்றால் கையும் மார்பகமும். பூனை பிறாண்டினால்கூட அக்குளில் நெறி கட்டும்!

தடவிப் பார்க்கவும் முறை உண்டு!

விரல் நுனியால் குத்தக்கூடாது. நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியை வைத்து, மெல்ல வட்டமாகத் தடவ வேண்டும். கழுத்தை விறைப்பாக வைத்தால் கணு தசைக்குள் ஒளிந்துகொள்ளும். லேசாகக் குனிந்தால் அகப்படும். அக்குளைப் பார்க்கும்போது கை தளர்ந்து தொங்க வேண்டும். தொடையிடுக்கு என்றால் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வலம், இடம் இரண்டையும் ஒப்பிடுவது முக்கியம். குழந்தைகளின் கழுத்தில் பட்டாணி அளவில் நழுவி ஓடும் கணுக்கள் தட்டுப்படுவது சகஜம், பதற வேண்டாம்!

கழுத்தைத் தொட்டு விலை பேசினார்கள்!

மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரிகள் பின்கழுத்தைத் தடவிப் பார்ப்பார்களாம். அங்கே வீக்கம் இருந்தால் அந்த மனிதரை வாங்க மாட்டார்கள். அது தூக்க நோய் என்ற தொற்றுநோயின் அடையாளம்! சியரா லியோனில் இதைக் கவனித்த ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வின்டர்பாட்டம் 1803-இல் எழுதிவைத்தார். இன்றும் மருத்துவத்தில் அது ‘வின்டர்பாட்டம் அறிகுறி’தான்.

ராணி தொட்டால் கண்டமாலை போகுமா?

காசநோயால் கழுத்துக் கணுக்கள் வரிசையாக வீங்குவதுதான் கண்டமாலை. அரசர் கை பட்டால் அது குணமாகும் என்று இங்கிலாந்தில் நம்பினார்கள். பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனை, 1712-இல் சின்னக் குழந்தையாக இருந்தபோது, ராணி ஆன் தொட்டு ஆசீர்வதித்தார். நோய் போகவில்லை! இப்போது மாத்திரையிலேயே குணமாகிறது. நம் நாட்டில் கழுத்து நெறி வாரக்கணக்கில் கரையாவிட்டால் டாக்டர்கள் காசநோய்க்கும் சோதிப்பது, அது கண்டமாலையாக இருக்கலாம் என்பதால்தான்.

வீக்கத்துக்குள் சிக்கிய கொலைகாரன்!

1894, ஹாங்காங்கில் பிளேக். அதன் கிருமியைத் தேடி வந்த மருத்துவர் அலெக்சாண்டர் யெர்சினைப் பிணவறைக்குள் விடவில்லை. பிணங்களைப் புதைக்கும் மாலுமிகளுக்குக் காசு கொடுத்து உள்ளே நுழைந்தார். ஒரு சடலத்தின் தொடையிடுக்கில் வீங்கியிருந்த கணுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். அதற்குள் கூட்டம் கூட்டமாகப் பிளேக் கிருமி!

பச்சை குத்தினால் உள்ளேயும் நிறம்!

குத்திய மை தோலோடு நிற்பதில்லை. ஒரு பகுதி நிணநீரோடு பயணித்து, பக்கத்துக் கணுவிலும் நிறமேற்றிவிடும்! கொரோனா தடுப்பூசி போட்டபோதும் அந்தப் பக்க அக்குளில் பலருக்கு நெறி கட்டியது. மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராமில் அது புற்றுநோயோ என்ற சந்தேகத்தைக் கிளப்பவே, “எந்தக் கையில், எப்போது ஊசி போட்டீர்கள்?” என்று முன்கூட்டியே கேட்கத் தொடங்கினார்கள்.

வயிற்றில் புற்றுநோய், கழுத்தில் கட்டி!

இரண்டு கால்கள், வயிறு, இடது கை என உடம்பின் பெரும்பகுதி நிணநீர் இடப்பக்கக் கழுத்தடியில்தான் ரத்தத்தில் கலக்கிறது. அதனால் இரைப்பைப் புற்றுநோயின் முதல் தடயம் சில சமயம் இடது காறை எலும்புக்கு மேலே ஒரு கட்டியாகத் தெரியும்! 1848-இல் இதைச் சுட்டிக்காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. காறை எலும்புக்கு மேல் எந்தப் பக்கம் கட்டி தட்டுப்பட்டாலும், அளவு பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

வலிக்காததுதான் வம்பு!

இதுதான் பெரிய ஆச்சரியம். மெத்தென்று, தொட்டால் வலித்து, விரலுக்கு நழுவும் நெறி பெரும்பாலும் சாதாரணக் கிருமித்தொற்றுதான். புண் ஆறியதும் தானே வடியும். கல்போல் கெட்டியாக, அசையாமல், வலியே இல்லாமல் இருப்பதைத்தான் அலட்சியப்படுத்தக் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் குறையாவிட்டால், வளர்ந்துகொண்டே போனால், காய்ச்சலும் இரவில் துணி நனையும் வியர்வையும் எடைக் குறைவும் சேர்ந்துகொண்டால் உடனே டாக்டரைப் பாருங்கள். “வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்!