காருக்குள் ஒரு பவர் சேவர்: ‘எகோ மோட்’ என்ன செய்கிறது?

லேப்டாப்பில் பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதியை ஆன் செய்து பார்த்திருப்பீர்கள். திரை வெளிச்சம் குறையும். பிராசசர் நிதானமாக இயங்கும். இதனால் பேட்டரி பெரிதாகிவிடுவதில்லை, செலவுதான் குறைகிறது. இன்றைய பல கார்களில் உள்ள ‘எகோ’ பட்டனும் இதே வேலையைத்தான் செய்கிறது.

காரிலும் கம்ப்யூட்டரா?

ஆம். இ.சி.யூ. என்ற சிறிய கம்ப்யூட்டர்தான் இன்ஜினைக் கட்டுப்படுத்துகிறது. கீபோர்டில் கீயை அழுத்துவது போல, ஆக்சிலரேட்டரை நீங்கள் அழுத்துவது இதற்கு ஒரு இன்புட். எவ்வளவு எரிபொருள் தரலாம் என்பதை இதிலுள்ள புரோகிராம் முடிவு செய்கிறது. எகோ மோடில் பெடலைப் பாதி அழுத்தினாலும் குறைவாகவே கிடைக்கும். ஆட்டோமேட்டிக் கார்களில் அடுத்த கியர் சீக்கிரமே மாறும். சில கார்களில் ஏ.சி.யின் வேகமும் குறையும். இதனால் வண்டி சற்று மந்தமாகத் தெரியும். ஓவர்டேக் செய்யும்போதும், ஏற்றத்திலும் சாதாரண மோடுக்கு மாற்றிக் கொள்ளுங்கள்.

லாரியிலும் உண்டு

லாரிகளுக்குப் பெயர் பெற்ற நாமக்கல் பகுதியில் டீசல்தான் பெரிய செலவு. 2016ல் அறிமுகமான மஹிந்திரா பிளேசோ லாரியில் டர்போ, ஹெவி, லைட் என மூன்று மோட்கள் தரப்பட்டன. லோடுடன் போகும்போது ஹெவி, காலியாகத் திரும்பும்போது லைட் என டிரைவரே தேர்ந்தெடுக்கலாம்.

நியூட்ரல் வேண்டாம்!

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் அடிக்கடி விபத்து நடக்கும் இடம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம். கார்பரேட்டர் காலத்துக் கார்களில் இப்படிக் கொஞ்சம் பெட்ரோல் மிஞ்சியிருக்கலாம். இ.சி.யூ. உள்ள வண்டியில் கணக்கே வேறு.

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். எனவே இ.சி.யூ. எரிபொருளை முழுவதுமாக நிறுத்திவிடும். எகோ பட்டன் ஆஃபில் இருந்தாலும் இது நடக்கும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் தந்தாக வேண்டும். கூடவே, வேகத்தைப் பிடித்து வைக்கும் இன்ஜின் பிரேக்கும் போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். இன்ஜினையே அணைத்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி குறையும், பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும்.

உங்கள் காரில் அந்தந்த நொடியின் மைலேஜ் காட்டும் திரை இருந்தால், இறக்கத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். கியரில் காலை எடுத்ததும் எண் உச்சத்துக்குப் போய் நிற்கும்.

மிச்சம் பிடிக்கும் வேலையை இ.சி.யூ.விடம் விடுங்கள். இறக்கத்தில் உங்கள் வேலை, குறைந்த கியரில் மெதுவாக இறங்குவதுதான்.