மூன்று பைசாவும் ஐந்து பைசாவும்

கணினிக்குள் கணிதம் – 14

1964-இல் நம் நாட்டில் மூன்று பைசா நாணயம் வந்தது. ஐந்து பைசாவும் அப்போது புழக்கத்தில் இருந்தது. கையில் இந்த இரண்டு வகை மட்டும் வேண்டிய அளவு இருக்கிறது. மீதிச் சில்லறை வாங்கக் கூடாது. எந்தத் தொகையெல்லாம் கொடுக்கலாம்? ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு பைசா கொடுக்க முடியாது. எட்டு, ஒன்பது, பத்து முடியும். அந்த மூன்றும் முடிந்தால், மேலும் மேலும் மூன்று பைசா சேர்த்து அதற்கு மேல் எந்தத் தொகையையும் எட்டிவிடலாம். ஆக, கொடுக்கவே முடியாத மிகப் பெரிய தொகை ஏழு பைசா. இரண்டு நாணயங்களுக்கு இதைச் சொல்ல எளிய சூத்திரம் உண்டு: பெருக்கினால் 15, கூட்டினால் 8, கழித்தால் 7. மூன்றாவது நாணயம் வந்ததும் அந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும்.

நாணய வகைகளின் எண்ணிக்கை இவ்வளவுதான் என்று வரையறுத்துவிட்டால், மதிப்புகள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடையை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி உண்டு என்று 1992-இல் நிரூபித்தவர் ரவீந்திரன் கண்ணன். 1953-இல் சென்னையில் பிறந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எம்.ஐ.டி., கார்னகி மெலன், யேல் என்று பல இடங்களில் கற்பித்துவிட்டுப் பெங்களூரு வந்து, மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் அல்கரிதம் ஆய்வுக் குழுவை வழிநடத்தினார். (சில்சாரில் புற்றுநோயாளிகளுக்கு உழைத்து 2023-இல் மகசேசே விருது பெற்ற டாக்டர் ரவி கண்ணன் வேறு.)

சென்ற வாரம், பல நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடித் தரும் நரேந்திர கர்மார்க்கரின் 1984 வழிமுறையைப் பார்த்தோம். அங்கே விடை பின்னமாக வரலாம். ஆனால் இரண்டு ஊர்களுக்கு நடுவே இரண்டரை கேபிள் போட முடியாது. ஒரு தெருவில் முக்கால் செல்போன் கோபுரம் நிறுத்த முடியாது. நெட்வொர்க் திட்டமிடுகிறவருக்கு வேண்டியது முழு எண். இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்ததுமே கணக்கு மலைபோல் வளர்ந்துவிடுகிறது.

மாறிகளின் எண்ணிக்கையை வரையறுத்தால் இதற்கும் விரைவான வழி உண்டு என்று நெதர்லாந்தின் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா காட்டினார். 1983-இல் கண்ணன் அந்த உழைப்பைப் பெருமளவு குறைத்தார். பத்து மாறிகள் என்றால், சுமாராக, பத்தைப் பத்து முறை பெருக்கி வரும் ஆயிரம் கோடி என்ற வரிசையில் வேலை ஆகும். அந்த வளர்ச்சி வேகத்தை உண்மையிலேயே மாற்றிய விடை, விக்டர் ரெய்ஸும் தாமஸ் ரோத்வோஸும் தந்தது, 2023-இல்தான் வந்தது. அதற்கும் விதை, கண்ணனும் லாஸ்லோ லோவாஸும் 1988-இல் எழுதிய கட்டுரையில் இருந்தது. தன் சாதனையைத் தாண்டிச் செல்லும் பாதைக்கும் தானே கல் போட்டுவைத்த ஆராய்ச்சியாளர்கள் மிகச் சிலரே.

இன்னொரு வேலையும் பலர் கண்ணில் படாமல் நடக்கிறது. புள்ளிகளை ஒழுங்காக அடுக்கிய ஓர் அமைப்பை, வெளியில் இருக்கும் ஒரு புள்ளியோடு எடுத்துக்கொள்வோம். அந்த வெளிப்புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் அடுக்குப் புள்ளி எது? இரண்டு பரிமாணத்தில் கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஐந்நூறு பரிமாணத்தில் இது படுகடினம். ஒரு பரிமாணத்தைக் கூடுதலாகச் சேர்த்து, இதை ‘ஓர் அடுக்குப் புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மிகக் குட்டையான அம்பு எது’ என்ற கேள்வியாக மாற்றிவிடலாம் என்று 1987-இல் கண்ணன் காட்டினார். குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத பூட்டு வேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்த எம்.எல்.-கெம் முறை, இந்தக் கடினத்தை நம்பித்தான் நிற்கிறது. அதை உடைக்க எவ்வளவு உழைப்பு ஆகும் என்று மதிப்பிடுகிறவர்கள் முக்கியமாகப் போட்டுப் பார்க்கும் தாக்குதல்களில் ஒன்று, பரிமாணம் கூட்டும் கண்ணனின் இந்த உட்பொதிவு முறை. இணையத்தில் நாம் அனுப்பும் செய்திகளுக்குப் போடும் புதிய பூட்டு எவ்வளவு திடமானது என்பதை அளக்க அவருடைய கருத்து உதவுகிறது.

அவருக்கு 1991-இல் ஃபல்கர்சன் பரிசு வாங்கித் தந்தது வேறொரு வேலை. பல பரிமாணங்கள் கொண்ட ஒரு குவிந்த உருவத்தின் கன அளவைக் கணக்கிட வேண்டும். தற்செயலை நாடாத எந்த விரைவான வழியாலும் தோராயமாகக்கூட நல்ல விடை தர இயலாது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. மார்ட்டின் டயர், ஆலன் ஃப்ரீஸ், கண்ணன் மூவரும் 1989-இல் தற்செயலையே துணைக்கு எடுத்தார்கள். இருட்டுத் தோப்புக்குள் திசை பார்க்காமல் வெகுநேரம் நடப்பவன் கடைசியில் எந்த மூலையிலும் இருக்கலாம் அல்லவா? அதுபோல உருவத்துக்குள் நடக்கவிட்டு, எந்தப் பகுதியில் எத்தனை முறை நின்றான் என்று பார்த்து, கன அளவை ஊகித்தார்கள். பரிமாண எண்ணிக்கையை 23 முறை பெருக்கும் அளவு படிகள் ஆயின. நடைமுறைக்கு உதவாத கணக்குதான். ஆனால் ‘முடியும்’ என்று தெரிந்த பிறகு உலகெங்கும் பலர் அந்த 23-ஐப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1997-இல் கண்ணன், லோவாஸ், சிமோனோவிட்ஸ் மூவரும் அதை ஐந்துக்குக் கொண்டுவந்தார்கள்.

2011-இல் அவருக்குக் க்னூத் பரிசு கிடைத்தது. பெங்களூரில் டாடா இன்ஸ்டிட்யூட் என்று ஊரார் சொல்லும் ஐ.ஐ.எஸ்.ஸி.யில், கணினித் துறையின் முதல் கௌரவப் பேராசிரியரும் அவரே. ஐ.டி. நகரம் என்று அந்த ஊரைப் புகழும்போது நாம் கண்ணாடிக் கட்டடங்களைத்தான் எண்ணுகிறோம். அங்கே வந்து சேர்ந்த ஒருவர் காகிதமும் பென்சிலும் கொண்டு செய்த இந்த வேலைக்கும் அதே மரியாதை உரியது என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். ஆவ்ரிம் புளும், ஜான் ஹாப்கிராஃப்ட் ஆகியோரோடு கண்ணன் எழுதிய ‘ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயின்ஸ்’ நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தையாவது படிக்கச் சொல்லுங்கள்.