மிருதங்கத்தின் தொப்பி எங்கே போனது?

சீகிரியாவிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அப்பா சேர்த்த எல்.பி. இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியிருக்கிறேன். பிளேயர் வயரை நேரே மைக் துளையில் குத்தினேன். பாட்டு வருகிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியைக் காணோம்; தாளம் காதைக் கிழிக்கிறது. தட்டு பழுதா?”

தட்டில் பழுதில்லை. வெட்டிய அன்றே தொப்பியின் அடிச்சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்டினார்கள். அதைத் திருப்பித் தரும் கருவியைத்தான் நீங்கள் தவறவிட்டீர்கள்.

காரணம் இடநெருக்கடி. பக்கத்துக்கு 22 நிமிடம் ஓடும் தட்டில் தடம் சுமார் 730 தடவை சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அகலம். காந்தப் பிக்கப்போ ஊசி எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ அதற்கேற்பவே வோல்ற்றளவைத் தரும். ஆகவே 1,000 ஹேர்ட்ஸ் சத்தத்தின் அதே பலத்தில் 50 ஹேர்ட்ஸ் கேட்க வேண்டுமானால், ஊசி 20 மடங்கு அகலமாக ஆட வேண்டும். அப்படி வெட்டினால் தடம் பக்கத்துத் தடத்துக்குள் புகுந்துவிடும். கீச்சுச் சத்தமான ட்ரெபிளின் நெளிவோ மிகச் சிறியது. தட்டின் இரைச்சலில் அமுங்கிப்போகும்.

தம்புள்ளை மரக்கறிச் சந்தையிலிருந்து சீகிரியா பஸ்ஸில் ஏறும் சாமான்களை நினைத்துக்கொள்ளுங்கள். பூசணி மூட்டைதான் அடிச்சத்தம், அது வழியை அடைக்கிறது. கறிவேப்பிலைக் கட்டுதான் ட்ரெபிள், அது காலடியில் மிதிபட்டுக் காணாமல் போகிறது. மந்திரம் தெரிந்த கொண்டக்டர் ஏற்றும்போதே பூசணியைச் சுருக்கி, கறிவேப்பிலையை ஊதிப் பெருக்கிவிடுகிறார். இறக்கும்போது அதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். கறிவேப்பிலை சுருங்கும்போது வழியில் அதன்மேல் படிந்த தூசும் கூடவே சுருங்குகிறது! அந்தத் தூசுதான் தட்டின் இரைச்சல். பூசணி விரியும்போது அதில் ஒட்டிய சேறும் விரியும். மோட்டாரின் உறுமல் பெருத்துக் கேட்பது அதனால்தான்.

இந்தக் கணக்குக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று பெயர். கேட்கும்போது 20 ஹேர்ட்ஸை ஏறக்குறைய பத்து மடங்கு கூட்டி, 20,000 ஹேர்ட்ஸைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது போனோ ப்ரீஅம்ப்.

சரித்திரம் கேட்பவர்களுக்கு ஒரு பந்தி. கொலம்பியா எல்.பி.யை வெளியிட்டது 1948இல். அமெரிக்க இசைத்தட்டுச் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. இந்த வளைவை நிர்ணயித்தது 1954இல். அதற்குமுன் கம்பனிக்கொரு கணக்கு. ஆகவே பழைய 78 அரக்குத் தட்டுகளுக்கு இது பொருந்தாது. எல்.பி. ஊசியும் பொருந்தாது, ஏறக்குறைய மூன்று மடங்கு பருமன் வேண்டும். அவற்றை ஸ்பிரிட்டால் துடைக்கவும் கூடாது, அரக்கு கரையும்.

இனி விளம்பரங்கள். யு.எஸ்.பி. பிளேயர்ப் பெட்டிகளில் “192 கிலோஹேர்ட்ஸ்” என்று மாதிரியெடுக்கும் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எல்.பி.க்கு அவ்வளவு தேவையில்லை. நல்ல எல்.பி.யிலும் உரத்த சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 70 டெசிபெல் அளவுதான், சாதாரண சீ.டி.யின் 16 பிட்டே 96 டெசிபெல் கொள்ளும். ஒலிக் காப்பகங்கள் 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் கேட்பது பின்னால் செய்யும் திருத்தங்களுக்கும் இடம் வைத்து. அதற்கே 40 நிமிடத் தட்டு 1.4 ஜி.பி. பிடிக்கும். செயற்கை நுண்ணறிவு “இழந்த இசையை மீட்கிறது” என்பார்கள். தட்டில் இல்லாததை அது ஊகித்து வரைகிறது, அவ்வளவுதான். கை வைக்காத மூலப் பிரதி ஒன்றை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

சீகிரியா வாசகருக்குப் போனோ துளையுள்ள பழைய அம்பிளிபயரே போதும். சிவப்பு, வெள்ளை முனைகளை அதில் குத்துங்கள். கூடவே தொங்கும், நுனியில் கவைத் தகடுள்ள மெல்லிய வயரை எர்த் திருகில் இறுக்குங்கள். விட்டால் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பூசணிக் கணக்கில் வீங்கி வரும். ‘டேப் அவுட்’டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு வயர் கொடுங்கள். ஒடாசிட்டி மென்பொருளில் மிக உரத்த இடமும் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேயருக்குள்ளேயே ப்ரீஅம்ப் இருந்தால் போனோவில் குத்தாதீர்கள், பூசணி இரண்டு முறை விரியும்.

காசு மிஞ்சினால் புது ஊசி வாங்குங்கள். வைர நுனியும் 500 முதல் 1,000 மணிநேரத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்த ஊசி தடத்தைச் சீவிக்கொண்டே போகும். சீவிப்போனதை எத்தனை பிட்டாலும் திரும்ப ஒட்ட முடியாது.